எண்பது ஆண்டு எல்லைக்குள் லீஸை நீட்டித்த அனுபவம்

லண்டன் ஹாரோவில் 2023 இறுதியில் நாங்கள் வாங்கிய ஃபிளாட்டின் லீஸ் (வீட்டை நீண்ட காலம் வைத்துக்கொள்ளும் குத்தகை உரிமை), 2006 ஜூன் 24 அன்று தொடங்கிய 99 ஆண்டு லீஸ். 2025 ஜூன் 24 கடந்தால் மிச்சக் காலம் எண்பது ஆண்டுக்குக் கீழே போய்விடும். போய்விட்டால், நீட்டிப்பால் வீட்டின் மதிப்பு எவ்வளவு கூடுகிறதோ அதில் பாதியை ‘மேரேஜ் வேல்யூ’ என்ற பெயரில், நிலத்தின் உரிமையாளரான ஃப்ரீஹோல்டருக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். முன்பிருந்த விதிப்படி வீடு வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆன பிறகே லீஸ் நீட்டிப்பு உரிமையைத் தரும் 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நீட்டிப்புக் கேட்க முடியும் என்பதால், அந்த எல்லைக்குள் எங்களால் எதுவும் செய்திருக்க முடியாது. 2024ஆம் ஆண்டின் லீஸ்ஹோல்ட் சீர்திருத்தச் சட்டத்தில் இருந்த ஒரு பிரிவு 2025 ஜனவரி 31 முதல் நடைமுறைக்கு வந்து அந்தக் காத்திருப்பை நீக்கியதுதான் எங்களைக் காப்பாற்றியது.

அதன்பின் இருந்த சில மாதங்களில் பெரும்பகுதியை விழுங்கியது கட்டடத்தை நிர்வகிக்கும் நிறுவனம். நீட்டிப்புக் கேட்டுச் சட்டப்படி நோட்டீஸ் கொடுப்பதெல்லாம் வேண்டாம், பேசி முடித்துக்கொள்ளலாம் என்று அவர்கள் அனுப்பிய கடிதத்தில் தொகை கவர்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் அதில் லீஸ் 125 ஆண்டாக மட்டுமே நீளும். பழைய லீஸின் மிச்சக் காலம் முழுவதும் கிரவுண்ட் ரென்ட் (ஆண்டுதோறும் கட்டும் நிலவாடகை) தொடரும். மதிப்பீட்டுக் கட்டணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும், அது திரும்பக் கிடைக்காது. சட்டவழியில் போனால் இருக்கும் காலத்தோடு 90 ஆண்டுகள் சேரும், கிரவுண்ட் ரென்ட் அடியோடு நின்றுபோகும். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்திடாதீர்கள். நாங்கள் கேள்வி கேட்கும்போதெல்லாம் பதிலுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வைத்தார்கள். நாட்கள் ஓடியது எங்களுக்குத்தான் நஷ்டம், அவர்களுக்கு அல்ல.

அடுத்த சிக்கல், நோட்டீஸை யாருக்குக் கொடுப்பது என்பது. எங்களுக்கும் ஃப்ரீஹோல்டருக்கும் நடுவில் ஹெட் லீஸ் (ஃப்ரீஹோல்டரிடம் நேரடியாக எடுத்த மேல்லீஸ்) வைத்திருக்கும் ஒரு கம்பெனி உண்டு. கிரவுண்ட் ரென்ட் அதற்குத்தான் போகிறது என்பதால் நோட்டீஸையும் அதற்கே அனுப்ப வேண்டும் என்று நிர்வாக அலுவலர் தொலைபேசியில் உறுதியாகச் சொன்னார். நாங்கள் முதலில் அமர்த்திய சொலிசிட்டரும் (வழக்கறிஞர்) அதை ஆமோதித்தார். மனம் ஒப்பாமல், லீஸ் நீட்டிப்பை மட்டுமே தொழிலாகச் செய்யும் இன்னொரு சொலிசிட்டரிடம் போனோம். அவர் நிலப் பதிவகமான லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் ஹெட் லீஸை எடுத்துப் பார்த்து, அது 125 ஆண்டு லீஸ், எங்களுடையதைவிட 26 ஆண்டுகளே நீளமானது, 90 ஆண்டு நீட்டிப்பைத் தரும் தகுதி அந்தக் கம்பெனிக்கு இல்லை என்று காட்டினார். ஆகவே நோட்டீஸ் ஃப்ரீஹோல்டருக்கு, நகல் ஹெட் லீஸ் கம்பெனிக்கு. தவறான தரப்புக்குப் போயிருந்தால் நோட்டீஸே செல்லாது; திரும்பக் கொடுப்பதற்குள் எண்பது ஆண்டு எல்லையும் கடந்திருக்கும். வீடு வாங்கித் தந்த சொலிசிட்டரே இதையும் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாமல், லீஸ் நீட்டிப்பு நிபுணர்களின் அலெப் (ALEP) சங்கத்தில் உறுப்பினராக இருப்பவரைத் தேடுங்கள். ‘லீஸ்’ (LEASE) என்றே பெயர்கொண்ட அரசு ஆலோசனை அமைப்பிடம் முதற்கட்ட விளக்கத்தை இலவசமாகவே பெறலாம்.

ஜூன் தொடக்கத்தில் நோட்டீஸ் போய்ச் சேர்ந்தது. அது கொடுக்கப்பட்ட நாளே மதிப்பீட்டு நாளாக உறைந்துவிடுவதால், பிறகு எத்தனை மாதம் இழுத்தாலும் மேரேஜ் வேல்யூ எங்கள் கணக்கில் நுழைய முடியாது. அன்று இரவுதான் நிம்மதியாக உறங்கினோம். நீட்டிப்புக்குத் தர முன்வருவதாக நோட்டீஸில் நாம் குறிப்பிடும் தொகை குறைவாக இருக்கலாம், ஆனால் நடைமுறைக்கு ஒவ்வாததாக இருந்தால் நோட்டீஸே ஆட்டம் காணும்; எனவே மதிப்பீட்டாளரான வேல்யுவரின் அறிக்கை கைக்கு வந்த பிறகே அதை எழுதினோம். ஃப்ரீஹோல்டர் தரப்பில் உரிமைச் சான்று கேட்டார்கள், முன்பணமாகப் பத்து சதவீதம் கேட்டார்கள். இரண்டையும் உடனே கொடுத்தோம்.

ஃப்ரீஹோல்டரின் பதிலான கவுன்டர் நோட்டீஸ், கெடுவின் கடைசி நாளில் வந்தது. நாங்கள் சொன்ன தொகையைப் போல இருமடங்குக்கும் மேல் கேட்டதோடு, வீட்டை வாடகைக்கு விடும் ஒவ்வொரு முறையும் அனுமதிக் கட்டணம் கட்ட வேண்டும் என்ற புதிய நிபந்தனையையும் நுழைத்திருந்தார்கள். பழைய லீஸில் இல்லாத சுமையை இந்த வழியில் ஏற்றச் சட்டம் இடம் தருவதில்லை என்று எங்கள் சொலிசிட்டர் எழுதியதும் அந்த நிபந்தனை சத்தமின்றிக் கைவிடப்பட்டது. தொகையில் மட்டும் அசையவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. கவுன்டர் நோட்டீஸ் வந்த இரண்டு மாதத்திற்குப் பின்னும் ஆறு மாதத்திற்கு முன்னும், தொகையைத் தீர்மானிக்கும் தீர்ப்பாயத்தில் மனுச் செய்தாக வேண்டும். பேச்சுவார்த்தை நல்லபடி நடக்கிறது என்று நம்பி அந்தக் கெடுவைத் தவறவிட்டால் நம் நோட்டீஸ் கைவிடப்பட்டதாகிவிடும்; மறுபடி கொடுக்க ஓராண்டு காத்திருக்க வேண்டும், அதற்குள் எண்பது ஆண்டுச் சாதகம் போய்விடும். எதிர்த்தரப்பு இனிமையாகப் பேசிக்கொண்டிருந்த போதிலும் நாங்கள் மனுவைப் போட்டோம். அதற்குப் பிறகே அவர்களுடைய வேல்யுவர் எங்கள் வேல்யுவருடன் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார். விசாரணை நாள் வருவதற்குள், அவர்கள் கேட்டதைவிட எங்கள் தொகைக்கு நெருக்கமான இடத்தில் உடன்பாடு ஏற்பட்டது.

உடன்பட்ட பிறகும் கெடு உண்டு. நான்கு மாதத்திற்குள் புதிய லீஸ் கையெழுத்தாக வேண்டும், அல்லது நாம் நீதிமன்றத்தை அணுகியிருக்க வேண்டும். வரைவைத் திருப்பி அனுப்பாமல் எதிர்த்தரப்பு இழுத்தபோது, நீதிமன்ற மனுவின் நகலை அனுப்பிவைத்தோம், வரைவு வந்துவிட்டது. ஃப்ரீஹோல்டரின் நியாயமான சட்டச் செலவும் மதிப்பீட்டுச் செலவும் நம் தலையில்தான் விழும். ஆனால் அவர்கள் நீட்டும் பில்லை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் என்று விவரம் கேட்டோம், தீர்ப்பாய மனு தொடர்பாகச் சேர்த்திருந்த பகுதி நீக்கப்பட்டது.

புதிய லீஸ் லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் பதிவான பிறகும் நிர்வாக நிறுவனம் அடுத்த ஆண்டுக்கான கிரவுண்ட் ரென்ட் பில்லை அனுப்பியது. பதிவின் நகலை இணைத்துத் திருப்பி அனுப்பினேன். பில் ரத்தாகிவிட்டது என்ற ஒருவரி மின்னஞ்சல் வந்தது. அதை லீஸோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.