வண்டி சும்மாதானே நிக்குது

"அண்ணா, வண்டி சும்மாதானே நிக்குது?"

எட்டு மாதமாகியும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. கேட்ட தம்பி கோபமாகக் கேட்கவில்லை, கெஞ்சவும் இல்லை. கண்ணுக்கு எதிரே ஷெட்டில் ஒரு ஆம்புலன்ஸ் நிற்கிறது, டிரைவர் உள்ளே சாய்ந்து தூங்குகிறார், அப்புறம் ஏன் இல்லை என்கிறீர்கள் என்று சாதாரணமாகக் கேட்டார். கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன், அன்றோடு மறந்தும் போயிருக்கும்.

ராத்திரி ஒன்றரை மணி. நான் வேலை பார்க்கிற தனியார் ஆம்புலன்ஸ் ஷெட் சென்னையில் புரசைவாக்கம் பக்கம். நான்கு வீடு தள்ளி இருக்கிற ஒரு சின்ன மருத்துவமனையில் அவருடைய அம்மா மூன்று நாளாக இருக்கிறார், பக்கவாதம், ஆக்சிஜன் போய்க்கொண்டிருக்கிறது. கையில் இருந்த பணம் தீர்ந்துவிட்டது, ஜி.எச்.சுக்குக் கொண்டுபோகிறோம் என்று எழுதிக் கொடுத்து டிஸ்சார்ஜ் வாங்கிவிட்டார்கள். தம்பி எங்கள் ஷெட்டுக்கு நடந்தே வந்துவிட்டார். சட்டைப் பையில் ஆயிரத்து இருநூறு ரூபாய். ஆக்சிஜன் வைத்து, கூட ஒரு ஆளோடு அனுப்ப நாங்கள் வாங்குவது மூவாயிரத்து ஐந்நூறு.

அன்று ஒரு வண்டி வேலூர் போயிருந்தது, இன்னொன்று எஃப்.சி. (தகுதிச் சான்று) வேலைக்காக ஒர்க்‌ஷாப்பில். மிச்சம் நின்றது ஐசியூ வண்டி மட்டும். அது ஒரு தனியார் மருத்துவமனையோடு போட்ட மாத ஒப்பந்தத்தில் இருக்கிறது. ராத்திரி எட்டிலிருந்து காலை எட்டு வரை எப்போது கூப்பிட்டாலும் பதினைந்து நிமிடத்தில் அங்கே நிற்க வேண்டும், தவறினால் அந்த மாதப் பணத்தில் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பணத்தில்தான் எங்கள் ஐந்து டிரைவர்களில் இரண்டு பேருக்குச் சம்பளம் ஓடுகிறது.

அதனால் "இல்ல தம்பி, அது வேற இடத்துக்கு நிக்குது, நீங்க 108-க்குப் போடுங்க" என்றேன். அதற்குத்தான் அவர் அப்படிக் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை, என் போனை எடுத்து நானே 108-க்கு அடித்துக் கொடுத்தேன், ஆக்சிஜன் வைத்த நோயாளி என்பதை மறக்காமல் சொல்லச் சொன்னேன். வண்டி வந்தது, பைலட்டும் (108-ல் டிரைவரை அப்படித்தான் சொல்வார்கள்) உதவியாளரும் ஆக்சிஜனோடு ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். தம்பி உள்ளே ஏறும்முன் எங்கள் ஷெட் பக்கம் ஒரு தடவை பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்த்தார். அம்மாவுக்கு அப்புறம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது.

நான் செய்தது சரிதான் என்று எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன், அதில் பொய் எதுவும் இல்லை. ஆம்புலன்ஸ் தொழிலில் வண்டி ஓடுவது பாதி வேலை. மீதிப் பாதி, தயாராக நிற்பது. சிலிண்டர் நிரம்பியிருக்க வேண்டும், வெண்டிலேட்டர் சார்ஜில் இருக்க வேண்டும், டிரைவர் தூங்கினாலும் வண்டியிலேயே தூங்க வேண்டும். தீயணைப்பு நிலையத்தில் வண்டி நிற்பதைப் பார்த்து சும்மா நிற்கிறது என்று யாரும் சொல்வதில்லை, நிற்பதுதான் அதன் வேலை என்று எல்லோருக்கும் புரிகிறது. ஆம்புலன்சைப் பார்த்தால் மட்டும் டாக்ஸி மாதிரி தோன்றுகிறது. அதற்குக் காரணம் எங்களை மாதிரி ஆட்கள்தான் என்பதையும் சொல்ல வேண்டும். கிலோமீட்டர் கணக்கில் வாடகை வாங்குகிற வண்டியை வேறு எப்படிப் பார்ப்பார்கள்?

நிற்கிற நேரத்துக்கு யார் பணம் கொடுப்பது என்ற சிக்கல் 108-ல் நோயாளி தலையில் விழுவதில்லை. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் அது ஆரம்பித்தபோது இனி எங்கள் தொழில் அவ்வளவுதான் என்று முதலாளி பயந்தாராம். இன்று மாநிலம் முழுக்க 1,300-க்கும் மேல் வண்டிகள். அரசு பணம் கொடுக்கிறது, தேசிய சுகாதார இயக்கம் வழியாக மத்திய அரசின் பங்கும் வருகிறது, ஒப்பந்தப்படி ஒரு நிறுவனம் ஓட்டுகிறது, ஏறுகிறவர் ஒரு ரூபாய் தர வேண்டாம். அந்த வண்டி ராத்திரி முழுக்க ஒரு முனையில் நின்றாலும் உள்ளே இருக்கிற இரண்டு பேருக்கும் சம்பளம் உண்டு. நிற்கிற நேரத்துக்கு ஊரே சேர்ந்து வரியாகக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் நிற்கிற நேரத்துக்கு யாராவது ஒரு ஆள் கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் போட்ட மருத்துவமனை கொடுக்காவிட்டால் அடுத்து ஏறுகிற நோயாளியின் வாடகையில் அது ஏறும். நான்கு கிலோமீட்டருக்கு மூவாயிரத்து ஐந்நூறா என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் விளக்குவேன். நீங்கள் ஓடுகிற அரை மணிக்கு மட்டும் கொடுக்கவில்லை, நீங்கள் கூப்பிடுவதற்கு முன் அது நின்ற பத்து மணி நேரத்துக்கும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள்.

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, தனியார் ஆம்புலன்சுக்கு அரசே கட்டணம் வைத்தது. முதல் 10 கிலோமீட்டருக்குச் சாதாரண வண்டி 1,500, ஆக்சிஜன் இருந்தால் 2,000, வெண்டிலேட்டர் இருந்தால் 4,000. அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 25, 50, 100. அப்போது முதலாளி முணுமுணுத்தார், ஆனால் எனக்கு அது நிம்மதியாக இருந்தது. போனில் பேரம் பேச வேண்டியதில்லை, அழுகிறவரிடம் தொகை சொல்லும்போது இது நான் வைத்தது இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்த நாட்களில் வண்டி ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை, அதனால் நிற்கிற நேரத்துக்கு யார் கொடுப்பது என்ற கேள்வியே வரவில்லை.

சரி, இத்தனையும் நியாயம்தான். ஆனால் அன்று ராத்திரி ஒப்பந்தம் போட்ட மருத்துவமனையிலிருந்து கூப்பிடவே இல்லை. காலை எட்டு வரை வண்டி நகரவில்லை. ஜி.எச். போய் இறக்கி, சீட்டுப் போட்டு, ஸ்ட்ரெச்சரைத் திரும்ப வாங்கி வர ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். மூன்று மணிக்கெல்லாம் வண்டி திரும்ப ஷெட்டில் நின்றிருக்கும். அழைப்பு வராது என்று முன்கூட்டியே எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். தெரியாதுதான். வந்திருந்தால், அந்தப் பக்கம் ஒரு மாரடைப்புக்காரர் காத்திருந்தால், இன்று வேறு ஒரு கேள்வி என்னைத் துரத்திக்கொண்டிருக்கும். இதோடு நிறுத்திக்கொண்டால் என் பக்கம் தப்பில்லை என்று முடித்துவிடலாம்.

ஆனால் இதோடு நிற்பதில்லை. அந்தத் தம்பி ஆயிரத்து இருநூறுக்குப் பதில் ஆறாயிரத்தை நீட்டியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? முதலாளிக்குப் போன் போட்டிருப்பேன். "இப்படி ஒரு பார்ட்டி, பக்கத்துலதான், சீக்கிரம் வந்துடும், அனுப்பவா" என்று கேட்டிருப்பேன். அவர் சரி என்றிருக்கலாம், வேண்டாம் என்றிருக்கலாம், ஆனால் கேட்டிருப்பேன். அன்று அந்தப் போனைக்கூட நான் போடவில்லை. ஒப்பந்தம், பதினைந்து நிமிடம், டிரைவர் சம்பளம் எல்லாம் உண்மை, ஆனால் அதெல்லாம் என் மனதில் வந்தது அவர் பையில் இருந்ததை எண்ணிக் காட்டிய பிறகுதான். பணம் காரணம் இல்லை என்று முதல் மாதம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன், இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சில நாள், அதுவும் அதிகமாக யோசிக்கிறேன் என்று தோன்றும். நல்ல வண்டியில் ஆக்சிஜனோடுதான் அந்த அம்மா போனார், இலவசமாகப் போனார், என்னிடம் ஏறியிருந்தால் கையில் இருந்த ஆயிரத்து இருநூறும் போயிருக்கும். அதுவும் உண்மைதான்.

ஒரு நாள் டீ குடிக்கும்போது முதலாளியிடம் இதைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மாசம் ரெண்டு ட்ரிப் இந்த மாதிரி ஆளுங்களுக்கு விடு, என்கிட்ட கேக்காத. மூணாவதுக்குக் கேளு. ஆனா ஸ்டாண்ட்பை வண்டியைத் தொடாத" என்றார். நல்ல மனுஷன், வட்டி கட்டுகிறவர், அதற்கு மேல் அவரால் முடியாது.

அந்த இரண்டு ட்ரிப்பும் பெரும்பாலும் மாதம் பிறந்து ஒரு வாரத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. மீதி நாட்களில் யாராவது வந்து நின்றால் 108-க்கு அடித்துக் கொடுக்கிறேன். அவர்களும் ஷெட் பக்கம் பார்க்கிறார்கள், அந்த ஐசியூ வண்டி அதே இடத்தில் நிற்கிறது.