லேட்டிட்யூட் இ6420: பழுதுமேசைக் குறிப்புகள்

மே 4

டெல் லேட்டிட்யூட் இ6420. 2011-இல் வந்த 14 அங்குல மடிக்கணினி. இன்டெல் இரண்டாம் தலைமுறை ப்ராசசர், டிடிஆர்3 ரேம், சாட்டா டிஸ்க். கம்பெனிகள் கழித்துப்போட்டு செகண்ட் ஹேண்டில் வந்தவை இன்னும் நிறையப் புழக்கத்தில் இருக்கின்றன. அடிப்பக்கத் தகடு ஒன்றைக் கழற்றினாலே ரேம், ஃபேன், ஹீட்சிங்க் (ப்ராசசரின் சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோகப் பாகம்), பட்டன் பேட்டரி எல்லாம் கைக்கு எட்டும். பழுது பார்க்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பெட்டி கிடைப்பது கடினம். இந்த மாதக் குறிப்புகள் முழுக்க இதை வைத்துத்தான். மற்ற பழைய லேப்டாப்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

முதல் புகார் எப்போதும் ஒன்றுதான்: பவரே வரவில்லை. மதர்போர்டு போய்விட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் செய்ய வேண்டியது இது. அடாப்டரையும் பேட்டரியையும் கழற்றுங்கள். பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பேட்டரி இல்லாமல் அடாப்டரை மட்டும் செருகி ஆன் செய்து பாருங்கள். உள்ளே தேங்கிய மின்னூட்டம் வடிந்ததும் உயிர் பெறும் பெட்டிகள் கொஞ்சநஞ்சமல்ல.

வரவில்லை என்றால் மல்டிமீட்டர். இந்த அடாப்டரின் வட்ட முனையில் மூன்று தொடர்புகள் உண்டு: வெளிச்சுவர் நெகட்டிவ், உட்சுவர் பாசிட்டிவ், நடுவில் மெல்லிய ஊசி. வெளிச்சுவருக்கும் உட்சுவருக்கும் இடையே 19.5 வோல்ட், அரை வோல்ட் முன்பின், இருக்க வேண்டும். அளக்கும்போது மீட்டர் முனை உட்சுவரையும் நடு ஊசியையும் சேர்த்துத் தொட்டுவிடக் கூடாது. அந்த ஊசியின் மறுமுனையில் அடாப்டரின் அடையாளச் சிப் இருக்கிறது. 19 வோல்ட் பட்டால் அது செத்துவிடும். நல்ல அடாப்டரைச் சோதிக்கப் போய்க் கெடுத்து வைப்பது இப்படித்தான்.

சும்மா அளக்கும்போது 19.5 காட்டி, லேப்டாப்பில் செருகியதும் விழுந்துவிடும் அடாப்டரும் உண்டு. மீட்டர் கணக்கை மட்டும் நம்பாமல், நன்றாக ஓடும் இன்னொரு பெட்டியில் செருகிப் பாருங்கள். அங்கே ஓடி, பழுதான பெட்டியில் செருகிய நொடியில் மட்டும் அடாப்டரின் விளக்கு அணைந்து, பிடுங்கியதும் திரும்ப எரிந்தால் குற்றம் அடாப்டரில் இல்லை. பெட்டிக்குள் ஷார்ட்.

மே 6

"ஆன் ஆகிறது, ஆனால் நத்தை மாதிரி இருக்கிறது." இந்தப் புகாருக்கு விண்டோஸை அழித்துத் திரும்பப் போடுவதும், ரேமைக் கூட்டுவதும் வழக்கமாகிவிட்டது. அதற்கு முன் டாஸ்க் மேனேஜரில் ப்ராசசர் வேகத்தைப் பாருங்கள். ஐ5-2520எம் சிப் 2.5 கிகாஹெர்ட்ஸில் ஓட வேண்டியது. எவ்வளவு வேலை கொடுத்தாலும் 0.8-ஐத் தாண்டாமல் நிற்கிறதா? அப்படியென்றால் நோய் மென்பொருளில் இல்லை, சார்ஜர் முனையின் அந்த நடு ஊசியில் இருக்கிறது.

காரணம் இது. ஊசி வழியாக லேப்டாப் அடாப்டரிடம் "நீ எத்தனை வாட்?" என்று கேட்கிறது. பதில் வராவிட்டால், எவ்வளவு மின்சாரம் இழுக்கலாம் என்று அதற்குத் தெரியாது. பாதுகாப்புக்காக ப்ராசசரைக் கடைசிப் படிக்கு, அதாவது 800 மெகாஹெர்ட்ஸுக்கு, இறக்கிவிடும். பேட்டரியைச் சார்ஜ் செய்வதையும் நிறுத்திவிடும். ஆன் செய்யும்போது அடாப்டர் வகையைக் கண்டறிய முடியவில்லை என்று ஒரு அறிவிப்பு வரும். அதை யாரும் படிப்பதில்லை, ஏதோ ஒரு கீயைத் தட்டிக் கடந்துவிடுகிறார்கள்.

உறுதி செய்ய, ஆன் ஆகும்போதே எஃப்2 தட்டி பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை அமைப்புப் பக்கம்) போங்கள். பேட்டரி விவரப் பக்கத்தில் அடாப்டர் 65 வாட் அல்லது 90 வாட் என்று தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் வேறு அடாப்டரைப் போட்டுப் பாருங்கள். தெரிந்துவிட்டால் பழைய அடாப்டரே குற்றவாளி. பெரும்பாலும் முனைக்கு மேலே ஒயர் மடங்கும் இடத்தில் உள்ளிருக்கும் மெல்லிய தகவல் கம்பி அறுந்திருக்கும். பவர் கம்பிகள் தடிமனானவை, தாக்குப்பிடிக்கும். மெல்லியதுதான் முதலில் போகும். வேறு அடாப்டரிலும் தெரியவில்லை என்றால் லேப்டாப் பக்கத்து ஜாக். ஊசி வளைந்திருக்கிறதா, உள்ளே போகும் கனெக்டர் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சில மென்பொருள்களில், ப்ராசசரை வேகம் குறைக்கச் சொல்லும் பிடி ப்ராக்ஹாட் என்ற தடையை எடுத்துவிட்டு முழு வேகம் பெறலாம். நோயை உறுதி செய்ய ஐந்து நிமிடம் பயன்படுத்தலாம். நிரந்தரமாக விட்டுவிடுவது தவறு. போர்டின் மற்ற பாகங்கள் சூடேறும்போது ப்ராசசரைத் தணிக்கும் சமிக்ஞையும் அதே கம்பியில்தான் வருகிறது.

அடாப்டர் வாங்கும்போது வாட் கணக்கை ஆம்பியரில் பாருங்கள்: 65 வாட் என்றால் 3.34 ஆம்பியர், 90 என்றால் 4.62. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்குபவர்கள் லேப்டாப்பையும் கையோடு கொண்டுபோய், கடையிலேயே செருகி, பயாஸ் பக்கத்தில் வாட் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

மே 7

பேட்டரி. 6 செல் பேட்டரி புதிதில் 60 வாட்-ஹவர், 11.1 வோல்ட். விண்டோஸ் 8-க்குப் பிறகு வந்த பதிப்புகளில் பவர்சிஎஃப்ஜி கட்டளையின் பேட்டரி ரிப்போர்ட், வடிவமைத்த கொள்ளளவையும் இன்றைய முழுச் சார்ஜ் அளவையும் பக்கம் பக்கமாகக் காட்டும். பாதிக்குக் கீழே இறங்கியிருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. செல்களை மட்டும் மாற்றித் தருகிறேன் என்பவர்களிடம் எச்சரிக்கை வேண்டும். செல்களைப் பிரிக்கும்போது பேக்குக்குள் இருக்கும் பாதுகாப்பு போர்டு பூட்டிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. பேக் உப்பியிருந்தால் பேச்சே வேண்டாம். குத்தாமல், அழுத்தாமல் கழற்றி மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

மே 9

கத்திரி வெயில். இந்த வாரம் வருபவை எல்லாம் ஒரே ரகம்: பத்து நிமிடத்தில் தானாக அணைகிறது, ஃபேன் கத்துகிறது, கீபோர்டின் இடது மேல்மூலையில் கை வைக்க முடியவில்லை.

2520எம் சிப்பின் வெப்ப அளவு 35 வாட், தாங்கும் உச்சம் 100 டிகிரி. அதைத் தொட்டதும் வேகத்தைக் குறைக்கும். அப்படியும் தணியாவிட்டால் பெட்டி அணைந்துவிடும். காரணம் அநேகமாகத் தூசிதான், ஆனால் வெளியிலிருந்து தெரியும் தூசி அல்ல. ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே தூசியும் முடியும் சேர்ந்து கம்பளித் துண்டு போலப் படிந்திருக்கும். வெளியிலிருந்து புளோயர் அடித்தால் அது நகராது, இன்னும் இறுகும். ஃபேனைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும்.

வேலை வரிசை: பேட்டரியைக் கழற்று. அடித்தகட்டு ஸ்க்ரூக்களை எடுத்து, எது எங்கிருந்து வந்தது என்று ஒரு காகிதத்தில் லேப்டாப்பின் படம் வரைந்து, அந்தந்த இடத்தில் குத்தி வை. நீளமான ஸ்க்ரூவைக் குட்டையானதன் இடத்தில் முறுக்கினால் மேல்பக்க பிளாஸ்டிக்கை முட்டி உடைக்கும். ஃபேன் கனெக்டரை ஒயரைப் பிடித்து இழுக்காமல் நகத்தால் நெம்பு. ஹீட்சிங்க் ஸ்க்ரூக்களில் எண் பொறித்திருந்தால் பெரிய எண்ணிலிருந்து சிறியதற்குத் தளர்த்து, மாட்டும்போது 1-லிருந்து தொடங்கு. எண் இல்லையென்றால் மூலைக்கு மூலை, கொஞ்சம் கொஞ்சமாக. ஒரே பக்கத்தை முழுதாக முறுக்கினால் சிப்பின் ஓரம் பெயரும். டெஸ்க்டாப் சிப்பில் இருப்பது போன்ற உலோக மூடி இதில் கிடையாது, சிலிக்கான் நேராகத் திறந்து கிடக்கிறது.

சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே தடவிய பழைய தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்பாகக் காய்ந்திருக்கும். ஐசோப்ரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் சிப், ஹீட்சிங்க் இரண்டையும் கண்ணாடி போலத் துடையுங்கள். புதுப் பேஸ்ட் ஓர் அரிசி மணி அளவு போதும். அதிகம் வைத்தால் அதிகம் குளிரும் என்பது தவறான எண்ணம். பேஸ்டின் வேலை இரண்டு பரப்புகளின் நுண்ணிய பள்ளங்களை நிரப்புவது மட்டும்தான். ஹீட்சிங்கில் ரப்பர் போன்ற தெர்மல் பேட் ஒட்டியிருந்தால் அதை எடுத்துவிட்டுப் பேஸ்ட் தடவாதீர்கள். அங்கே இடைவெளி பேஸ்டால் நிரம்பாது, அந்தச் சிப் வெந்துவிடும்.

ஃபேனைப் பிரஷ்ஷால் துடைக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றடித்து வேகமாகச் சுற்றவிட்டால் பேரிங் கெடும். விரலால் சுற்றும்போது சொரசொரப்பாக உணர்ந்தால் எண்ணெய் விடுவது சில வாரத் தீர்வுதான். ஃபேனையே மாற்றுங்கள்.

மாட்டி முடித்ததும் 20 நிமிடம் முழு வேலை கொடுத்து வெப்பத்தைப் பாருங்கள். இன்னமும் 95-ஐத் தாண்டினால் ஹீட்சிங்க் சரியாக உட்காரவில்லை. மறுபடி கழற்ற வேண்டியதுதான், வேறு வழியில்லை.

மே 12

ரேம். விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை கருப்பு. இரண்டு ரேமையும் எடுத்து, ஒன்றை மட்டும் ஒரு ஸ்லாட்டில் போடுங்கள். பிறகு அடுத்த ஸ்லாட்டில். பிறகு அடுத்த ரேம். நான்கே சோதனையில் குற்றம் ரேமிலா ஸ்லாட்டிலா என்று பிரிந்துவிடும். கடலோர ஊர்களில் ரேமின் தங்க விரல்கள் (ஸ்லாட்டில் செருகும் தங்க நிறத் தொடர்புகள்) மேல் மங்கல் படியும். வெள்ளை அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஆல்கஹாலால் துடைத்தால் பாதி புகார் தீரும்.

திறந்துவிட்டு இடையிடையே நீலத்திரை வருகிறது என்றால் பேன்ட்ரைவிலிருந்து ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஓட்டுங்கள். இரவு முழுக்க விடுவது நல்லது. சூடேறிய பிறகே காட்டும் பிழைகள் முதல் சுற்றில் வராது. ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேம் வேண்டாம். இந்தப் பெட்டிக்கு டிடிஆர்3, 1.5 வோல்ட். 1.35 வோல்ட் டிடிஆர்3எல் 1.5-லும் ஓடும் வகை என்பதால் அதையும் போடலாம். இதிலிருந்து எடுத்த 1.5 வோல்ட் ரேமை நான்காம் தலைமுறை லேப்டாப்பில் போட்டால்தான் ஏற்காது.

மே 13

தேதி 2011-க்குத் திரும்பியிருக்கிறது. "டைம் ஆஃப் டே நாட் செட்" என்ற வரி. அதற்குப் பிறகு விண்டோஸ் தொடங்கும்போதே நீலத்திரை, ஸ்டாப் கோட் 7பி. டிஸ்க் போய்விட்டது என்று டிஸ்க்கை மாற்றுபவர்கள் இந்த இடத்தில்தான் பணத்தை இழக்கிறார்கள்.

நடந்தது இது: பட்டன் பேட்டரி தீர்ந்ததும் பயாஸ் அமைப்புகள் தொடக்க நிலைக்குத் திரும்பின. சாட்டா முறை, அதாவது பெட்டி டிஸ்க்கோடு பேசும் விதம், ஏஹெச்சிஐ-யிலிருந்து ரெய்டு ஆன் ஆகிவிட்டது. ஏஹெச்சிஐ-யில் நிறுவிய விண்டோஸுக்கு இப்போது தன் டிஸ்க்கையே அடையாளம் தெரியவில்லை. பயாஸில் அதைப் பழைய முறைக்கு மாற்றினால் அடுத்த நிமிடமே விண்டோஸ் திறக்கும். அப்படியும் திறக்காவிட்டால் பூட் முறை (பெட்டி விண்டோஸைத் தொடங்கும் விதம்) லெகசியா யூஇஎஃப்ஐ-யா என்பதையும் மாற்றிப் பாருங்கள்.

பட்டன் பேட்டரி சிஆர்2032, 3 வோல்ட், ஒயரும் கனெக்டரும் சேர்த்து வருவது. கடையில் கிடைக்கும் வெறும் பேட்டரியில் ஒயரைச் சால்டர் செய்யாதீர்கள், சூட்டில் வெடிக்கும். ஒயரோடு வருவதையே கேட்டு வாங்குங்கள். மாற்றிய கையோடு பயாஸ் பக்கங்களைப் போனில் படம் எடுத்து வையுங்கள்.

மே 16

டிஸ்க். தன் உடல்நிலையைப் பற்றி டிஸ்க் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் தகவலில் நான்கு எண்களை மட்டும் பார்த்தால் போதும். 5: மாற்றி ஒதுக்கிய செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு சேமிப்புத் துண்டுகள்). 197: படிக்க முடியாமல் காத்திருப்பவை. 198: மீட்க முடியாதவை. இவற்றில் 197 பூஜ்யத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் சாகிறது. 199 மட்டும் ஏறினால் டிஸ்க் நல்லது, இணைப்பு கெட்டது. கழற்றித் துடைத்து அழுத்தி மாட்டுங்கள்.

சாகும் டிஸ்க்கில் விண்டோஸின் டிஸ்க் சரிபார்க்கும் கட்டளையான செக்டிஸ்க் ஓட்டவே கூடாது. மிச்சமிருக்கும் மூச்சையும் அது வாங்கிவிடும். முதலில் லினக்ஸ் பேன்ட்ரைவிலிருந்து டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் மென்பொருள். படிக்க முடிந்த பகுதிகளை முதலில் நகலெடுத்து, சிக்கலான இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். லாக் கோப்பைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். புதிதாக 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி போட்டால் இந்தப் பெட்டிக்கு அதைவிடப் பெரிய மருந்து கிடையாது.

மே 19

திரை. முதலில் டி கீயைப் பிடித்துக்கொண்டே பவர் பட்டனை அழுத்துங்கள். திரை சிவப்பு, பச்சை, நீலம் என்று முழு நிறங்களாக மாறும். விண்டோஸுக்கும் கிராபிக்ஸுக்கும் சம்பந்தமில்லாத சோதனை இது. இந்த நிறங்களிலேயே கோடு தெரிந்தால் பேனல் அல்லது கேபிள். நிறங்கள் சுத்தமாக இருந்து விண்டோஸில் மட்டும் கோடு என்றால் கிராபிக்ஸ்.

திரை முழுக் கருப்பா? இருட்டறையில் டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். படம் மங்கலாகத் தெரிந்தால் பேக்லைட் மட்டும் போயிருக்கிறது. மூடியை அசைக்கும்போது வந்து வந்து போனால் கீலில் மடங்கும் கேபிள். பேனல் வாங்கும் முன் கேபிளைச் சந்தேகியுங்கள், விலை வித்தியாசம் பல மடங்கு.

மே 20

கீபோர்டில் தேநீர். உடனே அடாப்டர், பேட்டரி இரண்டையும் பிடுங்கிக் கூடாரம் போலக் கவிழ்த்து வையுங்கள். அரிசி மூட்டை, ஹேர் டிரையர் வேண்டாம். சர்க்கரை காய்ந்தாலும் அங்கேயே இருந்து அரிக்கும். உள்ளே இறங்கியிருந்தால் போர்டை ஆல்கஹாலில் கழுவியாக வேண்டும். கீபோர்டைக் கழுவி மீட்க முயல்வது நேர விரயம், வேறு வாங்கி மாட்டுங்கள்.

மே 23

என்விடியாவின் என்விஎஸ் 4200எம் கிராபிக்ஸ் சிப்போடு வந்த இ6420. டி சோதனையில் நிறங்கள் சுத்தம், ஆனால் டிரைவர் போட்டதும் சதுரம் சதுரமாகச் சிதறல். பயாஸில் ஆப்டிமஸை (இன்டெல், என்விடியா கிராபிக்ஸுக்கு இடையே மாறும் வசதி) இயக்கி, டிவைஸ் மேனேஜரில் என்விடியாவை முடக்குங்கள். இன்டெல் கிராபிக்ஸிலேயே அலுவலக வேலை, யூடியூப் எல்லாம் நடக்கும். செலவு இல்லை. ஹீட் கன் காட்டி "ரீஃப்ளோ" (சிப்பின் சால்டரை உருக்கி மறுபடி ஒட்டவைப்பது) செய்து தருவது சில வாரம் ஓடும், பிறகு முன்னைவிட மோசமாகும். அதற்குக் காசு கொடுக்க வேண்டாம்.

போர்டையே மாற்றுவதென்றால் இன்டெல் மட்டும் உள்ள போர்டு தேடுங்கள். அப்போது ஹீட்சிங்கும் அந்த வகையாகவே வாங்க வேண்டும். என்விடியா போர்டின் ஹீட்சிங்க் இரண்டு சிப்புக்கும் சேர்த்துச் செய்தது. போர்டும் ஹீட்சிங்கும் ஒரே ஜோடியாகக் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள்.