கீழுதட்டுக்குள் தெரிவது

பள்ளிகளுக்குப் பல் பரிசோதனை முகாம் போனால் சொத்தைப் பல்லைத்தான் முதலில் பார்ப்போம். உசிலம்பட்டி, செக்கானூரணிப் பக்கம் போகத் தொடங்கிய பிறகு, கீழுதட்டை விரித்து உட்புறத்தையும் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். உதட்டுக்குள் அடக்கிக்கொள்ளும் சின்னப் புகையிலைப் பொட்டலம்தான் கூல் லிப்; அதை அதக்கும் பையனுக்கு அந்த இடம் வெளுத்து, தண்ணீரில் ஊறிய விரல்நுனி மாதிரி சுருங்கியிருக்கும். உடனே விட்டுவிட்டால் இந்த வெளுப்பு பெரும்பாலும் சில வாரங்களில் மறைந்துவிடும். ஆனால் ஈறு கீழே இறங்கியிருந்தால் அது தானாக ஏறாது.

புகை இல்லை, பீடி நாற்றம் இல்லை. பாடம் நடக்கும்போதே வாயில் இருக்கும், வாத்தியாருக்குத் தெரியாது. 2013 முதல் தமிழ்நாட்டில் குட்காவுக்குத் தடை. பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் எந்தப் புகையிலைப் பொருளும் விற்கக்கூடாது. அப்படியும் கிடைக்கிறது. பள்ளிப் பிள்ளைகளிடம் கூல் லிப் பரவுவதைப் பற்றி 2024இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையே கவலை தெரிவித்தது.

ஆசிரியர்களைக் கேட்டால் "சேர்க்கை சரியில்லை டாக்டர்" என்பார்கள். அதுவும் உண்மைதான். முகூர்த்த நாட்களில் பந்தி பரிமாறப் போகும் பையன்கள், ராத்திரி கண் விழிக்க அண்ணன்மார் கொடுத்தது என்பார்கள். கையில் சொந்தக் காசும் இருக்கும். ஆனால் பலருக்குத் தொடக்கம் அதற்கும் முன்னால், வீட்டிலேயே இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனிடம், "முதல்ல யாரு தம்பி குடுத்தா?" என்று கேட்டேன். "யாரும் குடுக்கல சார். சித்தப்பாவுக்கு நாந்தான் கடைக்குப் போவேன். சின்னப் பிள்ளையில இருந்தே."

டிசி கொடுத்துவிடுவேன் என்று மிரட்டுவதில் எனக்கு உடன்பாடே இல்லை. பள்ளியை விட்டு வெளியேறுகிறவன் நேராகப் போய் நிற்பது அந்த அண்ணன்மாரிடம்தான். இதைப் பிரேயரில் வைத்துப் பேச வேண்டாம், சித்தப்பாவை மட்டும் வரச் சொல்லுங்கள் என்று தலைமையாசிரியரைக் கேட்டுக்கொண்டேன்.

வந்தார். திட்டப் போகிறேன் என்று நினைத்திருப்பார் போல. உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொன்னேன். இரண்டு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது, கன்னத்தின் உட்புறம் நார் பாய்ந்து இறுகியிருந்தது. அது புற்றாக மாறக்கூடிய நிலை. ராஜாஜி அரசு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். அப்புறம், சிறுவர் கையில் புகையிலை கொடுத்தால் 7 ஆண்டு வரை சிறை என்பதையும் சொன்னேன். அவருடைய வைத்தியத்தைப் பற்றிப் பேசியதைவிட, "இனிமே அவனக் கடைக்கு அனுப்பாதீங்கண்ணே" என்று கேட்டுக்கொண்டதுதான் அதிக நேரம்.