ஓக் மரத்தடிக் காளானும் ஆயாவும்

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் பிறந்து வளர்ந்த நம்மவர்களுக்குக் காளான் என்றால் மகோவேதான். கோடை மழை விட்டதும் கரையான் குடியிருக்கும் மண்ணில் கிளம்பும். ரோட்டோரத்தில் ஜூலுப் பெண்கள் அடுக்கி வைத்து விற்பார்கள். எங்கள் ஆயா அதன் அடிப்பக்கத்து வெள்ளை மடிப்புகளை விரலால் நீவிப் பார்த்துத்தான் வாங்குவாள்.

போன பிப்ரவரியில் ஹோவிக் பக்கம் ஓக் தோப்பில் வேறொன்று கிடைத்தது. பன் மாதிரி பழுப்புத் தொப்பி, மழை ஈரத்தில் கொஞ்சம் பிசுபிசுப்பு, தடித்த தண்டு. ஆயா திருப்பிப் பார்த்தாள். மடிப்பே இல்லை, நெருக்க நெருக்கமாகச் சின்னத் துளைகள்.

"என்னடா இது ஓட்டை ஓட்டையா? தூக்கிப் போடு."

எனக்கோ அந்த ஓட்டைகளைப் பார்த்த பிறகுதான் நிம்மதி. ஓக் மரத்தடியில் பயப்பட வேண்டியது டெத் கேப் என்ற விஷக் காளானுக்கு. அதற்கு மடிப்பு உண்டு, அதுவும் ஆயாவுக்குப் பிடித்த வெள்ளையில். தண்டில் வளையம், அடியில் மண்ணுக்குள் ஓர் உறை. வேகவைத்தாலும் விஷம் போகாது. தின்று 6 மணி நேரத்துக்கு மேல் ஒன்றுமே தெரியாது, பிறகு ஈரலைப் பிடித்துக்கொள்ளும். காளானோடு போட்டு வேகவைத்த பூண்டு கறுத்தால் விஷம், வெள்ளிக் கரண்டி கறுத்தால் விஷம் என்பதெல்லாம் சும்மா.

துளை இருந்தால் மட்டும் போதுமா? போதாது. துளை சிவப்பாக இருந்தால் நான் தொடமாட்டேன். இளஞ்சிவப்பு என்றால் வாயில் வைக்க முடியாத கசப்பு ஜாதியாக இருக்கலாம். இதில் துளைகள் வெளிர் மஞ்சள். தண்டின் மேல்பாதியில் மெல்லிய வெள்ளை வலைப்பின்னல், நகத்தால் தடவினால் தட்டுப்படும். நெடுக வெட்டினேன்: சதை வெள்ளை, காற்றுப் பட்டும் நீலமாகவில்லை. (நீலமானாலே விஷம் என்று சொல்வார்கள், அதுவும் சரியில்லை. நீலமாகும் காளான்களில் நல்லதும் உண்டு.) ராத்திரி தொப்பியை வெள்ளைத் தாளில் கவிழ்த்து வைத்தேன். காலையில் தாள் முழுக்க ஆலிவ் பச்சை கலந்த பழுப்பு வித்துத் தூள்.

போர்சினி என்ற சாப்பிடும் காளான்தான், அறிவியல் பெயர் பொலீட்டஸ் எடுலிஸ். ஐரோப்பாவிலிருந்து மரங்கள் வந்தபோது வேரோடு ஒட்டி வந்த குடியேறி. விஷயம் தெரிந்த நண்பரும் கையில் வாங்கிப் பார்த்து அதையேதான் சொன்னார்.

தண்டில் பாதியைப் புழு தின்றிருந்தது. மீதியைக் கடுகு, கறிவேப்பிலை தாளித்து வதக்கினேன். ஆயா தட்டைத் தள்ளினாள்.

"நீ சாப்பிடு. நாளைக்கு எழுந்து வந்தா நானும் ரெண்டு துண்டு எடுத்துக்கிறேன்."