முரண்டு பிடிக்கும் மட்டக் குதிரைக்கு விலை வைத்த அனுபவம்

குழந்தைகள் ஏறும் மட்டக் குதிரை சாதுவாக இருந்தால் வாங்க ஆள் தேட வேண்டியதில்லை. முரண்டு பிடித்தால்தான் சிக்கல். அதைத் திருத்தத் தெரிந்த பெரியவர்கள் அதன்மேல் ஏற முடியாது, அவ்வளவு எடையை அது தாங்காது. அது தாங்கக்கூடிய எடையில் இருக்கும் பிள்ளைகளை அதன்மேல் உட்கார வைக்கக் கூடாது. தஞ்சை மாவட்டம் பாபநாசம் பக்கத்தில் எங்கள் வீட்டில் வளர்ந்த செவலையை விற்க முடிவு செய்தபோது, அதன் விலையை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தேட வேண்டியிருந்தது.

செவலை பெட்டைக் குதிரை, உயரம் 46 அங்குலம். என் மகள் அதன்மேல்தான் ஏறப் பழகினாள். இப்போது அவள் வளர்ந்துவிட்டாள். குதிரை சுமக்கிற பாரம், சேணத்தையும் சேர்த்து, அதன் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. எடை போட மேடை இல்லாவிட்டாலும் தையல் நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றிச் சென்டிமீட்டரில் அளந்து, அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்க வேண்டும். பிறகு தோள் முனையிலிருந்து பிட்டம் வரை உள்ள நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ கணக்கு வந்துவிடும். செவலைக்குச் சுற்றளவு 137, நீளம் 122. எடை 190 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. அப்படியென்றால் அதன் முதுகில் 38 கிலோ ஏறலாம். சேணத்தைக் கழித்தால் 33, 34 கிலோ பிள்ளைக்குத்தான் அது பொருந்தும். வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் நான் முதலில் கேட்டது பிள்ளையின் எடையைத்தான்.

இனி அதன் குறைகள். வயிற்று வாரை இறுக்கினால் திரும்பிக் கடிக்க வரும். தனியாக வீட்டை விட்டுக் கிளம்பாது, கிளம்பினாலும் வாய்க்கால் மதகைப் பார்த்ததும் வீட்டுப் பக்கம் திரும்பிவிடும். மூன்றாவதுதான் பெரியது. அறுவடை இயந்திரம் பின்னால் வந்தால் மிரண்டு, கடிவாளத்துக்கு அடங்காமல் ஓடும். தையிலும் மாசியிலும் சம்பா அறுவடை நடக்கும்போது எங்கள் பக்கத்துச் சாலைகளில் அந்த இயந்திரத்துக்கு எதிர்ப்படாமல் போகவே முடியாது.

இந்த மூன்றுக்கும் சேர்த்து ஒரு தொகையைக் கழித்துவிட்டு விற்றுவிடலாம் என்று வீட்டில் சொன்னார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. வலியால் வருகிற குணம் வேறு, பழகிப்போன குணம் வேறு. எது எது என்று தெரியாமல் விலை வைத்தால் விற்பவரோ வாங்குபவரோ யாராவது ஒருவர் ஏமாறுவோம். குட்டி யானை வண்டியில் ஏற்றி ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம்.

குதிரையின் கடைவாய்ப் பற்கள் தேயத் தேய வெளியே வளர்ந்து வந்துகொண்டே இருக்கும். சரியாக அரைபடாத ஓரம் கூராகிக் கன்னத்தின் உட்புறத்தைக் கிழிக்கும். செவலைக்கு அப்படித்தான் ஆகியிருந்தது. அரம் போட்டு ராவினார்கள். முதுகில் சேணம் அழுத்துகிற இடத்தில் கொஞ்சம் வெள்ளை முடி முளைத்திருந்தது. அது அழுத்தத்தின் அடையாளம். சின்ன வயதில் பொருந்திய சேணம், உடம்பு பருத்த பிறகு இறுகியிருக்கிறது. கொள்ளைக் குறைத்து, புல்லைக் கூட்டச் சொன்னார்கள். வேலையில்லாத மட்டக் குதிரைக்குக் கொள்ளு அதிகமானால் துள்ளலும் அதிகமாகும், குளம்புக்கும் கேடு.

வாய்ப்புண் ஆறி, சேணமும் மாறிய பிறகு கடிப்பது கிட்டத்தட்ட நின்றுவிட்டது. வார் இறுக்கும்போது காதை மட்டும் மடக்கும். தனியாகக் கிளம்ப அடம் பிடிப்பதும், இயந்திரத்தைக் கண்டு மிரள்வதும் அப்படியே இருந்தன. ஆக, விலையில் கழிக்க வேண்டிய குறை இரண்டுதான் என்று தெரிந்தது. இதைத் தெரிந்துகொள்ள ஆன செலவு, பின்னால் விலை பேசும்போது எனக்குப் பெரிய பலமாக இருந்தது.

விலை விசாரிப்பதுதான் கடினம். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவில் கூடுகிற குதிரைச் சந்தையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். அங்கே பெயர் வாங்கும் மார்வாரி, கத்தியவாரி குதிரைகளின் விலையை வைத்து வீட்டு மட்டத்துக்கு விலை சொல்ல முடியாது. அதனால் அக்கம்பக்கத்தில் குதிரை வைத்திருப்பவர்களிடமும் லாடம் கட்ட வருபவரிடமும், கேட்ட விலையை விட்டுவிட்டு உண்மையில் கை மாறிய விலையை மட்டும் விசாரித்தேன். பிள்ளையை நம்பி ஏற்றக்கூடிய, இதே உயரமுள்ள மட்டம் 60,000 ரூபாய்க்குப் போயிருந்தது. ஏறிப் பார்க்காமல் வண்டிக்கென்று வாங்கியது 28,000க்குப் போயிருந்தது. இரண்டுக்கும் உடம்பில் பெரிய வித்தியாசமில்லை. மிச்சம் அத்தனையும் குணத்துக்குக் கொடுத்த விலை.

இந்த இரண்டு எண்களும் கிடைத்த பிறகு கணக்கு சுலபமாகிவிட்டது. செவலையைப் பழக்க விவரமான ஆளுக்கு மூன்று மாதமாவது வேண்டும். மாதம் 5,000 கூலி, 3,000 தீனி என்றாலும் 24,000. அதை 60,000இல் கழித்தால் 36,000 நிற்கிறது. பழக்கியும் மிரட்சி போகாமல் இருக்கலாம், அந்தப் பயம் வாங்குகிறவருடையது, அதற்கும் ஏதாவது விட வேண்டும். 36,000 கேட்பது, 33,000க்குக் கீழே இறங்குவதில்லை என்று முடிவு செய்தேன். நாங்கள் வாங்கிய விலையும் இத்தனை வருடம் போட்ட தீனியும் இந்தக் கணக்கில் வரவே கூடாது. வாங்க வருகிறவருக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

முதலில் வந்தது ஒரு தரகர். கையில் துண்டைப் போட்டு, அதற்கடியில் விரலைப் பிடித்து ரகசியமாக விலை பேச வந்தார். "வெளியிலேயே சொல்லுங்க தம்பி" என்றேன். "அக்கா, முரட்டுக் குதிரை. 15 வாங்கிக்கிட்டுக் கழுவி விடுங்க. மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்றார். அந்த 'மத்தது' என்னவென்று எனக்குத் தெரியும். அடுத்த வாரம் வேறு யாரோ ஒரு அப்பாவிடம் "பச்சைப்பிள்ளை மாதிரி" என்று சொல்லி 50,000க்குக் கொடுத்துவிடுவார்கள். விலையை ரொம்ப இறக்குவது பெருந்தன்மை என்று நினைக்கிறோம். குறை சொல்லாமல் கை மாற்றுகிறவருக்குத்தான் அந்த இடைவெளி லாபமாகப் போகிறது, அடிபடப் போவது ஏதோ ஒரு குழந்தை. இதை நான் மிகவும் அழுத்திச் சொல்கிறேன்.

கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றுகிறவர் 38,000 தருவதாகச் சொன்னார். நான் கேட்டதைவிட அதிகம். முன்பின் தெரியாத குழந்தைகளை வரிசையாக ஏற்றுகிற வேலைக்கு, மிரண்டு ஓடுகிற குதிரையை எந்த விலைக்கும் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். காணும் பொங்கலுக்குத் திருக்கடையூரில் நடக்கும் ரேக்ளா பந்தயத்தை மனதில் வைத்தும் ஒருவர் வந்தார். பயந்து ஓடுவதையும் பந்தயத்தில் ஓடுவதையும் ஒன்றாக எண்ணியிருந்தார். ஓட விட்டுப் பார்த்துவிட்டு அவரே போய்விட்டார்.

சுழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். செவலைக்குக் கண்ணுக்குக் கீழே ஒரு சுழி. ஆகாத சுழி என்பார்கள். சுழிக்கும் குணத்துக்கும் தொடர்பு இருப்பதாக நான் நம்பவில்லை. ஆனால் இந்தப் பக்கத்துக் குதிரை வியாபாரத்தில் சுழி பார்க்காதவர் அரிது. வாங்குகிறவர் நாளைக்கு விற்கப்போனால் அவருக்கும் இதே கேள்வி வரும். அதனால் அதையும் முதலிலேயே காட்டிவிட்டேன்.

கடைசியில் வாங்கியவர் மன்னார்குடிப் பக்கத்துக்காரர், இளமையில் குதிரை வண்டி ஓட்டியவர். பேத்திக்கு ஆறு வயது. "இப்ப ஏத்தப் போறதில்ல தங்கச்சி. ரெண்டு வருஷம் வண்டியில பூட்டிப் பழக்கிட்டு அப்புறம் பார்க்கலாம்" என்றார். இழுக்கிற குதிரைக்கு, சுமக்கிற குதிரையின் எடைக் கணக்கு பொருந்தாது. பெரியவர் வண்டியில் உட்கார்ந்தபடியே அதைத் திருத்தலாம். இப்படி ஒரு ஆளைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

அவர் வாயைத் திறந்து பல் பார்த்தார். ஐந்து வயதுக்குள் குதிரைக்குக் கடை சேர்ந்துவிடும், அதாவது பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் எல்லாம் முளைத்துவிடும், அதற்கு மேல் தேய்மானத்தை வைத்துத்தான் வயதை மதிக்க வேண்டும். அவர் ஒன்பது, பத்து இருக்கும் என்றார். எங்கள் கணக்கும் ஒன்பதுதான். நாலு குளம்பையும் தூக்கிப் பார்த்தார். அறுவடை இயந்திரம் ஓடுகிற வயல் ஓரமாக நானே செவலையைப் பிடித்து நடத்திக் காட்டினேன். மிரண்டு கயிற்றை இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் ஓடியது. விற்கிற நேரத்தில் இதையா காட்டுவது என்று மகள் வருத்தப்பட்டாள். பெரியவர் அது எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்பதை மட்டும் கவனித்தார். 30,000 என்று தொடங்கினார். மருத்துவமனைச் சீட்டையும் மூன்று மாதக் கணக்கையும் எடுத்து வைத்தேன். சுழிக்காக ஆயிரம் குறைக்கச் சொன்னார், குறைத்தேன். 34,000இல் முடிந்தது. பொருந்துகிற சேணத்தை அந்த விலையிலேயே சேர்த்துக் கொடுத்தேன். வேறு சேணம் போட்டால் கடிப்பது திரும்பி வரும்.

5,000 அச்சாரம், பதினைந்து நாள் தவணை. பிடிக்காவிட்டால் வண்டி வாடகை அவர் பொறுப்பு, அச்சாரம் முழுதும் திரும்பும். இரண்டு குறைகளையும் சுழியையும் வெள்ளைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். ஊர் வழக்கப்படி பழைய தலைக்கயிற்றை நாங்கள் வைத்துக்கொண்டோம், அவர் புதுக் கயிறு கொண்டு வந்திருந்தார். தவணை முடிவதற்கு முன்பே மீதிப் பணம் வந்துவிட்டது. திரும்ப விற்பதானால் முதலில் எங்களைக் கேட்க வேண்டும் என்று தாளின் அடியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னது மகள்தான். அவரும் மறுக்கவில்லை.