நீதிமன்ற வேலைக்குப் படிப்பவர்களுக்கு: பதவிப் பிரமாணப் பகுதியை நான் படித்த விதம்

குரூப் 4 எழுதி நீதிமன்றத்தில் இளநிலை உதவியாளராகச் சேர வேண்டும் என்று படிக்கிற தம்பி தங்கைகள் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் நிறையப் பேர். பொது அறிவுப் பகுதியில் பதவிப் பிரமாணம் வந்தால், யாருக்கு யார் செய்துவைக்கிறார் என்ற பட்டியலோடு பெரும்பாலோர் நிறுத்திவிடுகிறார்கள். அது போதாது. பிரமாண வாசகம் அரசியலமைப்பில் எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

குடியரசுத் தலைவர், துணைக் குடியரசுத் தலைவர், ஆளுநர் மூவருக்கும் வாசகம் 60, 69, 159 ஆகிய பிரிவுகளுக்குள்ளேயே இருக்கிறது. அமைச்சர்கள், எம்.பி., எம்.எல்.ஏ.க்கள், உச்ச நீதிமன்ற, உயர் நீதிமன்ற நீதிபதிகள், தலைமைக் கணக்குத் தணிக்கையர் ஆகியோருக்கு மூன்றாம் அட்டவணை. இதில் ரகசியக் காப்புப் பிரமாணமும் சேர்த்து எடுப்பவர்கள் அமைச்சர்கள் மட்டுமே. இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்ற வரி 1963இல் 16ஆவது திருத்தத்தில் சேர்ந்தது. நீதிமன்ற எழுத்தருக்கு அந்த அட்டவணையில் இடமில்லை. விடைகளில் அப்படி ஒன்று இருந்தால் தயங்காமல் தள்ளிவிடலாம்.

எனக்கு இந்தப் பாடம் உண்மையில் பிடிபட்டது தேவகோட்டை நீதிமன்றத்தில் போய் உட்கார்ந்தபோதுதான். ரகசிய விசாரணை இல்லாத வழக்கு என்றால் யாரும் பார்க்கலாம். செல்போனை அணைத்துவிட்டு பின் பெஞ்சில் அமைதியாக இருங்கள். சாட்சி கூண்டில் ஏறியதும் நீதிமன்ற ஊழியர் சொல்லச் சொல்ல, அவர் திருப்பிச் சொல்லி சத்தியப் பிரமாணம் எடுப்பார். நாளைக்கு அந்த ஊழியர் நீங்களாகவும் இருக்கலாம், அதனால் மனதைக் கொடுத்துக் கவனியுங்கள். அதற்கு அடிப்படை 1969ஆம் ஆண்டின் பிரமாணச் சட்டம். கடவுள் பெயரைச் சொல்ல விரும்பாதவர் உளமார உறுதி கூறினால் போதும். உண்மை பேச வேண்டும் என்று தெரிந்தும் பிரமாணம் என்றால் என்னவென்று புரியாத, 12 வயதுக்குட்பட்ட குழந்தைச் சாட்சிக்கு அது கட்டாயமில்லை. மொழிபெயர்ப்பாளரும் பிரமாணம் எடுக்க வேண்டும். ஆனால் நீதிமன்றத்தின் அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பாளராகப் பணியேற்றவர் ஒவ்வொரு வழக்கிலும் மறுபடி எடுக்கத் தேவையில்லை. இதையெல்லாம் நேரில் பார்த்துவிட்டு வந்து சட்டத்தைப் படித்தேன். அப்புறம் மறக்கவே இல்லை.

பிரிவு எண்களை மட்டும் தினமும் எழுதிப் பாருங்கள். 99 எம்.பி., 188 எம்.எல்.ஏ., 124 உச்ச நீதிமன்றம், 219 உயர் நீதிமன்றம். பிரமாணம் எடுக்காமல் அவையில் அமர்ந்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம் என்பது 104, 193. இந்த இரண்டையும் பலர் விட்டுவிடுகிறார்கள், நீங்கள் விடாதீர்கள்.