முட்டப்போறேன்னு கத்துற காருக்கு உங்க டயரப் பத்தி ஒண்ணும் தெரியாது

இப்போ வர்ற கார்ல டேஷ்போர்டுல ரெண்டு எச்சரிக்கை இருக்கு. ஒண்ணு, முன்னாடி போற வண்டிய முட்டப்போறீங்கன்னு செவப்பா மின்னி பீப் பீப்னு கத்துறது. இன்னொண்ணு, டயர் படத்துக்குள்ள ஆச்சரியக்குறி போட்டு மஞ்சளா சத்தமே இல்லாம எரியுறது. மொதல்ல சொன்னது கத்துனா பதறிப்போய் பிரேக்க மிதிக்கிறோம், ரெண்டாவது எரிஞ்சா ஞாயித்துக்கெழம பாத்துக்கலாம்னு விட்டுட்டு வாரக்கணக்குல அந்த மஞ்ச லைட்ட பாத்துக்கிட்டே ஓட்டுறோம். எனக்கு என்ன தோணுதுன்னா, அந்த செவப்பு லைட் போடுற கணக்கெல்லாம் மஞ்ச லைட் பாத்துக்குற விஷயத்து மேலதான் நிக்குது, இத யாரும் சேத்துப் பாக்குறதில்ல. ஷோரூம்ல கார் குடுக்குறவங்களும் ஸ்கிரீன்ல ப்ளூடூத் எப்படி கனெக்ட் பண்றதுன்னு அரைமணி நேரம் சொல்லுவாங்க, இதப் பத்தி ஒரு வார்த்தை வராது.

மொதல்ல முன்னாடி பாக்குற சமாச்சாரம். பம்பர்ல வட்டம் வட்டமா பட்டன் மாதிரி இருக்குல்ல, அதுதான் மோதல் சென்சார்னு நெறைய பேர் நெனச்சிட்டு இருக்காங்க. இல்லைங்க. அது பார்க்கிங் சென்சார், நம்ம காதுக்கு கேக்காத சத்தத்த அனுப்பி அது முட்டிட்டு திரும்பி வர எவ்ளோ நேரம் ஆகுதுன்னு பாக்குது, சத்தம் காத்துல ஒரு நொடிக்கு 340 மீட்டர் மாதிரி போகும், அத வச்சு தூரத்த கணக்கு போடுது. அதோட எல்லையே சில மீட்டர்தான். 60 கிமீ வேகத்துல கார் ஒரு நொடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் போகுது, அப்போ இது பாத்து சொல்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும். செவுத்துல இடிக்காம வண்டிய நிறுத்துறதுக்கு மட்டும்தான் அது.

ஓடும்போது பாக்குறது வேற ரெண்டு. ஒண்ணு ரேடார், பெரும்பாலும் முன்னாடி லோகோவுக்கு பின்னாடியோ கீழ் பம்பர்லயோ ஒளிஞ்சிருக்கும், இப்போ வர்றதெல்லாம் பெரும்பாலும் 77 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைல வேலை செய்யுறது. இன்னொண்ணு கேமரா, உள்ள ரியர்வியூ மிரருக்கு பின்னாடி கண்ணாடியோட ஒட்டி உக்காந்திருக்கும். சில கார்ல ரெண்டும் இருக்கும், சிலதுல கேமரா மட்டும்தான். ரேடாருக்கு தூரமும், எதுத்தாப்புல இருக்குறது எவ்ளோ வேகமா நெருங்குதுங்குறதும் துல்லியமா தெரியும், இருட்டோ மழையோ அதுக்கு பெருசா கவலை இல்ல. ஆனா அங்க இருக்குறது லாரியா மாடா போர்டான்னு தெளிவா சொல்லத் தெரியாது. கேமராவுக்கு அது என்னன்னு தெரியும், ஆனா மூடுபனி, நேரா மூஞ்சில அடிக்கிற வெயில், கண்ணாடில சேறு, இதெல்லாம் வந்தா தடுமாறும்.

ரேடார்ல ஒரு வினோதம் இருக்கு. ரோட்டுல நிக்கிற இரும்பு எத்தனை? மேல போற பாலம், சைன்போர்டு, தடுப்புக் கம்பி, தரையில இருக்க மேன்ஹோல் மூடி, எல்லாமே ரேடாருக்கு பளிச்சுனு தெரியும், எல்லாமே காரப் பாத்து வர்ற மாதிரிதான் தெரியும். இது ஒவ்வொண்ணுக்கும் கத்த ஆரம்பிச்சா மனுஷன் ஓட்ட முடியாது. அதனால ரொம்ப காலமா இந்த சிஸ்டம் எழுதுறவங்க அசையாம நிக்கிற பொருள்கள பெரும்பாலும் ஒதுக்கித் தள்ளிட்டு, நகர்ற வண்டிகள மட்டும் பிடிச்சு வச்சுக்குற மாதிரிதான் செஞ்சிருக்காங்க. இதனாலதான் ஹைவேல வேகமா போறப்ப ரோட்டு நடுவுல பிரேக்டவுன் ஆகி நிக்கிற லாரிய சில கார் கண்டுக்காம போயிரும்னு பல கம்பெனியோட மேனுவல்லயே எழுதி இருக்கும். கேமரா சேந்ததும் இது நல்லாவே குறைஞ்சிருக்கு, ஆனா சுத்தமா போகல. மேனுவல யாரு படிக்கிறா, அது தனிக் கதை.

சரி, எப்ப கத்தணும்னு அதுக்கு எப்படி தெரியுது? இடைவெளிய நெருங்குற வேகத்தால வகுக்குது, அவ்ளோதான். முன்னாடி வண்டி 50 மீட்டர்ல இருக்கு, நீங்க அதவிட நொடிக்கு 20 மீட்டர் வேகமா போறீங்கன்னா முட்ட இன்னும் 2.5 நொடி இருக்கு. இந்த நேரம் ஒரு அளவுக்கு கீழ வந்ததும் பீப். பெரும்பாலும் அந்த அளவு ரெண்டு நொடிலேந்து மூணு நொடிக்குள்ள எங்கயாச்சும் இருக்கும், செட்டிங்ல நியர், மீடியம், ஃபார்னு நீங்க மாத்துறது கிட்டத்தட்ட இந்த அளவத்தான்.

இப்போ இத ஒரு நெசமான கணக்குல போட்டு பாருங்க. நீங்க 80ல போறீங்க, முன்னாடி ஒரு வண்டி நிக்குது, கார் அத கண்டுபிடிச்சிருச்சுன்னே வச்சுக்குவோம். 80 கிமீன்னா நொடிக்கு 22 மீட்டர் சொச்சம். 2.5 நொடி இருக்கப்போ கத்துதுன்னா இடைவெளி சுமாரா 55 மீட்டர். சத்தம் கேட்டு, நிமிந்து பாத்து, கால் பிரேக்குக்கு போக ஒரு நொடின்னு வச்சுக்கோங்க, அதுலயே 22 மீட்டர் காலி, மிச்சம் 33. நல்ல டயர், காஞ்ச ரோடு, முழுசா மிதிச்சா 31 மீட்டர்ல நின்னுரும். நூலிழைல தப்பிச்சீங்க. கவனம் வேற எங்கயோ இருந்து அந்த ஒரு நொடி ஒன்றரை நொடியா ஆச்சுன்னா காஞ்ச ரோட்டுலயே கிட்டத்தட்ட 42 கிமீ வேகத்துல போய் முட்டுவீங்க. அதே, ரோடு ஈரமா இருந்து டயரோட பிடிப்பு கொறஞ்சு நிக்க 49 மீட்டர் வேணும்னு வச்சுக்கோங்க, ஒரு நொடில கரெக்டா மிதிச்சிருந்தாலும் 45 கிமீ வேகத்துல முட்டுவீங்க. கார் கரெக்டாதான் கத்துச்சு, நீங்களும் கரெக்டாதான் மிதிச்சீங்க.

தானா பிரேக் போடுற சிஸ்டம் இருந்தா இத நல்லாவே குறைக்கும், அத மறுக்கல. அமெரிக்காவுல இன்சூரன்ஸ் கம்பெனிகள் நடத்துற ஐஐஹெச்எஸ்ங்குற சாலைப் பாதுகாப்பு அமைப்போட ஆய்வுல வெறும் எச்சரிக்கை மட்டும் இருந்தா பின்னாடி முட்டுற விபத்து 27 சதவீதம் கம்மி, தானா பிரேக்கும் சேந்தா 50 சதவீதம் கம்மின்னு வந்திருக்கு. பெரிய விஷயம் அது. ஆனா தானா போடுற பிரேக்கும் அதே நாலு டயர் வழியாத்தான் ரோட்ட பிடிக்கணும், கம்ப்யூட்டர் மிதிச்சா மட்டும் ரப்பர் கூடுதலா ஒட்டிறாது.

இங்கதான் மஞ்ச லைட் கதைக்கு வர்றோம்.

டயர் காத்த பாக்குறதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு நேரடி முறை, ஒவ்வொரு வீலுக்கு உள்ளயும் வால்வோட சேத்து ஒரு குட்டி சென்சார், அதுல பிரஷரும் வெப்பமும் அளந்து ரேடியோல அனுப்பும், அமெரிக்காவுல 315 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாலயும் இன்னும் பல எடத்துலயும் 433. உள்ள ஒரு லித்தியம் பேட்டரி, மாத்த முடியாதபடி சீல் பண்ணி இருக்கும், 5லேந்து 10 வருஷம் வரும், தீந்தா சென்சாரையே மாத்தணும். இன்னொண்ணு மறைமுக முறை, அதுல டயருக்குள்ள ஒண்ணுமே கெடையாது. பிரேக் மிதிக்கிறப்ப வீல் பூட்டிக்காம பாத்துக்குற ஏபிஎஸ்காக ஏற்கனவே இருக்குற வீல் ஸ்பீட் சென்சார வச்சே கண்டுபிடிக்கும். காத்து எறங்குன டயர் கொஞ்சம் குள்ளமாகும், அப்பா கைய புடிச்சு கூட நடக்குற சின்னப்புள்ள அவரோட ஈடுகட்ட அதிக அடி எடுத்து வைக்கிற மாதிரி அந்த வீல் மத்த மூணவிட கூடுதலா சுத்தும். அத வச்சு இதுல ஏதோ கோளாறுன்னு லைட் போடும்.

மறைமுக முறைல ரெண்டு விஷயம் ஞாபகம் வச்சுக்கணும். காத்து அடிச்சதும், டயர் மாத்துனதும் ரீசெட் பண்ணனும், இல்லன்னா பழைய கணக்கையே வச்சுக்கிட்டு இருக்கும். அதவிட மோசம், கம்மியான காத்தோட ரீசெட் அமுக்குனா அதுதான் சரின்னு எடுத்துக்கும். லைட் எரியுது, தொந்தரவா இருக்குன்னு அத அணைக்க ரீசெட் அமுக்குறவங்க இருக்காங்க, சத்தியமா இருக்காங்க. அப்புறம் நாலு டயர்லயும் ஒரே மாதிரி மெதுவா எறங்குனா, ஒண்ணோட ஒண்ண ஒப்பிட்டு மட்டும் பாக்குற பழைய சிஸ்டத்துக்கு தெரியவே தெரியாது.

இந்த லைட் எதுக்கு வந்துச்சுன்னா, 1986லயே போர்ஷே 959ல இந்த மாதிரி சிஸ்டம் இருந்துச்சு, ஆனா அது ஆடம்பர சமாச்சாரம். ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டில ஃபயர்ஸ்டோன் டயர்கள் பிஞ்சு வண்டி உருண்டு நெறைய பேர் செத்ததுக்கு அப்புறம்தான் அமெரிக்காவுல 2000ல சட்டம் போட்டாங்க, அதுலேந்து வந்த விதில 2007 செப்டம்பர்லேந்து அங்க விக்கிற புது கார் எல்லாத்துக்கும் கட்டாயம். ஐரோப்பாவுல 2014லேந்து புது கார் எல்லாத்துக்கும். அந்த அமெரிக்க விதில என்ன சொல்லிருக்குன்னா, கார் கம்பெனி சொன்ன அளவவிட 25 சதவீதம் கம்மியானா லைட் எரியணும். நல்லா கவனிங்க, 25 சதவீதம். உங்க காருக்கு 33 பிஎஸ்ஐ போடணும்னா 25க்கு வந்தாத்தான் லைட் எரிஞ்சே ஆகணும்னு கட்டாயம். 27ல ஓட்டிட்டு இருப்பீங்க, டேஷ்போர்டு சுத்தமா இருக்கும். லைட் எரியலன்னா காத்து சரியா இருக்குன்னு அர்த்தம் இல்ல, லைட் எரியுற எல்லைக்கு இன்னும் எறங்கலன்னு மட்டும்தான் அர்த்தம். பல கார் அதுக்கு முன்னாடியே சொல்லும், அத நம்பி இருக்க முடியாது.

அந்த 33க்கும் 25க்கும் நடுவுல என்ன ஆகிட போகுதுன்னு கேக்கலாம். 1960கள்ல நாசாவுல விமான டயர வச்சு, தேங்கி நிக்கிற தண்ணி மேல டயர் எந்த வேகத்துல மிதக்க ஆரம்பிக்கும்னு ஒரு சூத்திரம் கண்டுபிடிச்சாங்க, அந்த வேகம் காத்தழுத்தத்தோட வர்க்கமூலத்த பொறுத்துன்னு. அதுல 33 போட்டா 96 கிமீ கிட்ட வரும், 25 போட்டா 83. கார் டயருக்கு பட்டன் (ரோட்டுல படுற ரப்பர்ல இருக்குற வரி) ஆழம், அகலம், பாரம்னு இன்னும் நெறைய இருக்கு, அதனால இந்த நம்பர அப்படியே எடுத்துக்காதீங்க, ஆனா போக்கு அதேதான். ஹைவேல மழைல சாதாரணமா போற வேகத்துக்கு உள்ளயே அந்த எல்லை எறங்கி வந்திருது. டயர் மிதக்குறப்ப ரேடார் எவ்ளோ சீக்கிரம் கத்துனா என்ன. அந்த ரேடார் சிஸ்டம் பெரும்பாலும் டயர் காத்தையோ பட்டன் தேய்மானத்தையோ கணக்குல எடுத்துக்குறதே இல்ல, நல்ல பிடிப்பு இருக்குன்னு நம்பித்தான் கத்துது.

குளிர் காலைல லைட் எரிஞ்சு, கொஞ்ச தூரம் ஓட்டுனதும் அணைஞ்சிருச்சுன்னா சென்சார் கெட்டுப்போச்சுன்னு நெனைக்காதீங்க. 10 டிகிரி செல்சியஸ் எறங்குனா சுமாரா ஒன்றரை பிஎஸ்ஐ எறங்கும், ஓட்டுனா சூடாகி திரும்ப ஏறும். காத்து ஏற்கனவே எல்லைல நிக்குதுன்னு அது சொல்லுது. ஆறுன டயர்ல அளந்து அடிங்க, டிரைவர் கதவத் தெறந்தா ஓரத்துல ஒட்டியிருக்க அளவுதான் கணக்கு, டயர் பக்கவாட்டுல போட்டிருக்கறது அந்த டயர் தாங்குற அதிகபட்சம். லைட் ஒரு நிமிஷம் மின்னி மின்னி அப்புறம் நின்னு எரிஞ்சா அது வேற, சிஸ்டத்துலயே கோளாறு, பெரும்பாலும் ஏதோ ஒரு சென்சாரோட பேட்டரி தீந்திருக்கும்.

செட்டிங் பத்தி கேட்டீங்கன்னா, ட்ராஃபிக்ல சும்மா சும்மா கத்துதுன்னு மோதல் எச்சரிக்கைய ஆஃப் பண்ணாதீங்க, நியர்ல வச்சுக்கோங்க. மழையோ ஹைவேயோ வந்தா இன்னும் சீக்கிரமே கத்துற ஃபாருக்கு மாத்துங்க, மேல போட்ட கணக்குல உங்களுக்கு கொறையுற மீட்டர் அங்கதான் கெடைக்கும். முன் கண்ணாடி மாத்துனா கேமராவ திரும்ப கேலிபரேட் பண்ண, அதாவது சரியா நேரா பாக்குற மாதிரி அளந்து செட் பண்ண சொல்லுங்க, பம்பர கழட்டி மாட்டுனாலும் ரேடாருக்கு அதே. ஒரு டிகிரி திரும்பி இருந்தா 100 மீட்டர்ல ஒன்னேமுக்கால் மீட்டர் தள்ளி பாக்கும், அது பாதி லேன், பக்கத்து லேன்ல போறவனப் பாத்து கத்த ஆரம்பிச்சிரும். லோகோ மேல தடியா ஸ்டிக்கரும் ஒட்டாதீங்க. டயர் கழட்டுறவர்கிட்ட உள்ள சென்சார் இருக்குன்னு ஆரம்பத்துலயே சொல்லிருங்க, வால்வு பக்கம் கம்பி விட்டு நெம்புனா அது ஒடஞ்சிரும். அலுமினிய வால்வா இருந்தா உள்ள போடுற கோர் (காத்த அடைச்சு வைக்கிற குட்டி ஊசி) நிக்கல் பூசுனதா இருக்கணும், சாதாரண பித்தளை கோர் போட்டா ரெண்டும் அரிச்சு ஒட்டிக்கும், அடுத்த தடவ கழட்டுறப்ப வால்வோட சேந்து வந்துரும்.